மூச்சைப் பிடித்து மீனை விட்டவர்

தூத்துக்குடிக் கடலில் மீனைப் பிடித்தவர்கள் உண்டு. பிடித்த மீனை விற்றவர்கள் உண்டு. மீன் முள் தொண்டையில் சிக்கிச் செத்துப் பிழைத்தவர்களும் உண்டு. மீனுக்கு மரியாதை காட்டிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த மகானுபாவர்தான்.

யுத்த காலம் அது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், வேட்டிக்கும் ரேஷன். கடலில் கிடைப்பதற்கு மட்டும் ரேஷன் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் தினமும் சாயங்காலம் துறைமுகப் பாலத்தில் உட்கார்ந்து, தூண்டில் போட்டு, மீன் மீனாகப் பிடித்து, அத்தனையையும் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பிப் போனால் ஊர் சும்மா இருக்குமா? ‘விடுதலை’ என்று பெயர் வைத்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மானேஜருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

சொந்த ஊர் சாத்தான்குளம். பெயரில் குளம் இருக்கிறதே தவிர, விடுதலை பிறந்து வளர்ந்தது செம்மணல் மேடான தேரிக்காட்டில். மீசை முளைத்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய பிறகுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கர்த்தரைக் கூப்பிடுவார். இவருக்கு, கரி இறக்க வந்த ஏதோ ஒரு கப்பலின் வெள்ளைக்கார இன்ஜினீயர், அவர்கள் ஊர் ஆற்றில் பிரபுக்கள் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற சாஸ்திரத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். குளிர்ந்த ஆற்றில் பிரபுக்கள் காட்டிய மரியாதையை இவர் தூத்துக்குடிக் கெளுத்திக்குக் காட்ட ஆரம்பித்தார்.

அந்த மரியாதை லேசுப்பட்டதல்ல. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர் இருக்கிறதே, அதை அரம் வைத்துத் தேய்த்து மழுக்கிவிடுவார். கழற்றும்போது மீனின் வாய் கிழியக் கூடாதாம். பக்கத்தில் ஒரு வாளி கடல் தண்ணீர். மீன் மாட்டியதும் முழங்கை வரை கையை நனைத்துக்கொள்வார். காய்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் வழவழப்பு போய்ச் சொறி பிடித்துவிடுமாம். செவுளைத் தொடவே மாட்டார். வயிற்றை அமுக்க மாட்டார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு கை அடியில், ஒரு கை வால் பக்கம். முள்ளை விழுங்கிவிட்ட மீன் என்றால் குடலைக் கிளறாமல் கயிற்றை வாயோரமாகக் கத்தரித்துவிடுவார். கடைசியில் பாலத்துப் படியில் இறங்கி, மீனின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே காட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதுவாகத் துள்ளிப் போனால்தான் கையை எடுப்பார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரமெல்லாம் இவரும் மூச்சை அடக்கிக்கொள்வார்!

“நமக்கு எப்ப மூச்சு முட்டுதோ அப்பவே அதுக்கும் முட்டும்வே. வேற எப்படிக் கணக்கு வைக்கது?” என்பார்.

பார்க்கவேண்டிய காட்சி அது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, காது சிவந்து, முள்ளைக் கழற்றிக்கொண்டிருப்பார். மீன் சாவகாசமாக இருக்கும். போகிற உயிர் யாருடையது என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பாலத்தடியில் கூடை வைத்து மீன் விற்ற லூர்தம்மாளுக்கு இவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“ஏ சார், திங்கத்தானே புடிக்கிய?”

“இல்லம்மா.”

“விக்கவா?”

“இல்ல.”

“பொறவு என்ன மயித்துக்கு அதைப் போட்டு இழுக்கிய? மாதாவே, எங்க வீட்டு ஆம்பிளைய விடியுமுன்ன போயி வெறும் வலையோட வாராவ. இவரு புடிச்சுக் கொஞ்சிட்டு விடுதாரு!”

விடுதலை பதில் சொல்லமாட்டார். அநேகமாக அப்போது மூச்சடக்கிக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு கூத்து. ராத்திரி மெஸ்ஸில் மீன் குழம்பு என்றால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இலையில் உட்காருகிறவரும் இவர்தான். தலை வேண்டும் என்று கேட்டு வாங்கி, கண்ணை உறிஞ்சி, முள்ளை நக்கி வைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னவே, பாலத்துல அவ்வளவு ஜீவகாருண்யம், இங்கன இப்படி வெட்டுதீரு?”

“அது எனக்குப் பழகின மீனு வே. இது யாரோ எவரோ.” சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்.

இவர் விடுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, நீரோட்டம் போகிற பக்கமாக, ஒரு கெட்டிக்காரன் வீச்சுவலையோடு வந்து நிற்க ஆரம்பித்தான். விடுதலை தாலாட்டி அனுப்பிய மீன், அரை மயக்கத்தில் நேராக அவன் வலைக்குள் போய்த் தூங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் இவர் கவனித்தார். பிறகு நடந்த சண்டையைப் பார்க்கச் சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள்.

“ஏலே, நான் விட்ட மீனை நீ எப்படிலே புடிப்ப?”

“விட்டுட்டியள்லா? பொறவு அது கடல் மீனு அண்ணாச்சி.”

“மரியாதை வேண்டாமாலே?”

“நீங்க குடுத்த மரியாதையே மீனுக்குப் போதும். நான் கொழம்புக்குப் புடிக்கேன்.”

கூட்டம் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து விடுதலை பாலத்தின் அடுத்த கோடிக்குப் போனார். அவனும் போனான்.

சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த அந்த நாளில் போலீஸ்காரர்கள் எங்கே நாலு பேர் பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் டீக்கடையில் எங்கள் குமாஸ்தா ஒருவர், “இன்னைக்கு விடுதலை எத்தனை மணிக்கு?” என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், “அஞ்சரைக்கு. பாலத்துல,” என்றிருக்கிறார். “கூட்டம் இருக்குமா?” “இல்லாம?” பின்பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் டம்ளரை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்.

ஐந்தரைக்கு இன்ஸ்பெக்டர் படையோடு வந்து இறங்கினார். கூட்டமும் இருந்தது. நடுவில் விடுதலை, கையில் ஒரு கெளுத்தி.

“உம்ம பேர் என்னவே?”

கன்னம் உப்பியிருந்தது.

“உமக்குத் தலைவரு யாரு?”

விடுதலை கெளுத்தியைக் கண்ணால் காட்டினார்.

“மௌன விரதமோ? எவன் சொல்லிக் கொடுத்தான் இதை?”

தூண்டில் முள் கெளுத்தியின் வாயில் ஆழமாகத் தைத்திருந்தது; அதைக் கழற்றுவது நேரம் பிடிக்கிற வேலை. இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கக் கேட்க விடுதலையின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஒருவழியாக மீனைத் தண்ணீரில் விட்டு, அடக்கிவைத்த மூச்சு முழுவதையும் இன்ஸ்பெக்டரின் முகத்திலேயே விட்டார்.

“மன்னிக்கணும் சார். வாயைத் தொறக்க முடியாத நெலைமை.”

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மானேஜர் போய் உத்தரவாதம் சொல்லி மீட்டு வந்தார். வழியனுப்பும்போது இன்ஸ்பெக்டர், “இந்த ஆளு சர்க்காருக்கு விரோதி இல்ல. புத்திக்குத்தான் விரோதி,” என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தாராம்.

இவ்வளவு நடந்தும் வேலைக்கு ஒரு பழுதும் வரவில்லை. அது வந்தது கொழும்பிலிருந்து, ஒரு துரையின் ரூபத்தில்.

துரை எங்கள் கம்பெனிக்குப் பெரிய தலை. மீன் பிடிப்பதில் பைத்தியம். முயல்தீவுக்கு அப்பால் மோட்டார் லாஞ்சில் போக ஏற்பாடாயிற்று. எங்கே மீன் கடிக்கும் என்று தெரிந்த ஆளாக விடுதலையையும், டிபன் கூடை சுமக்கிற ஆளாக என்னையும் மானேஜர் கூட்டிக்கொண்டார். ஏறும்போதே எச்சரித்தார்: “உம்ம வேலையெல்லாம் இங்க வச்சுக்கிடாதேயும். துரை புடிச்சா அது துரை மீனு.”

“சரி சார்,” என்றார் விடுதலை. உண்மையாகத்தான் சொன்னார்.

துரைக்கு அதிர்ஷ்டம். ஒரு பெரிய பாறை மீன் மாட்டியது. ரொம்ப நேரம் போராடி, வேர்த்து விறுவிறுத்து, அதை மேலே இழுத்துப் போட்டார். வெயிலில் கொதித்த பலகையில் மீன் கிடந்து அடித்தது. துரை செவுளில் விரலை விட்டுத் தூக்கிப் போட்டோவுக்கு நின்றார். தொப்பி இல்லை, காற்றில் பறந்து லாஞ்சின் பின்பக்கம் போயிருந்தது. மீனைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைத் தேடினார்கள். தொப்பி கிடைத்தது, கேமராவில் பிலிம் மாட்டவில்லை. பிலிமை மாட்டினார்கள், துரைக்குச் சூரியன் கண்ணில் அடித்தது. லாஞ்சைத் திருப்பச் சொன்னார்.

நான் விடுதலையைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. ‘புஸ்’ஸென்று விட்டார். மறுபடி உப்பினார். மறுபடி விட்டார். மீன் அடிப்பது குறைந்து, செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது.

விடுதலை எழுந்தார். வாளித் தண்ணீரைக் கைகளில் ஊற்றிக்கொண்டார். “எக்ஸ்க்யூஸ் மீ சார்,” என்று துரையிடம் முறையாகச் சொல்லிவிட்டு, மீனின் அடியில் கையைக் கொடுத்து ஏந்திக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்து, அதைத் தண்ணீருக்குள் பிடித்தார்.

“வேய்! துரை மீனுவே அது!” மானேஜர் அலறினார்.

மீனின் முகம் நீரோட்டத்தைப் பார்த்திருந்தது. இவர் பிடியை விடவில்லை. அதற்கு உயிர் திரும்ப வேண்டுமே! திரும்பியது. வாலால் இவர் முகத்தில் ஒரு அறை கொடுத்துவிட்டு மீன் போயிற்று. பின்னாலேயே இவரும் போனார்.

லாஞ்சில் வேலை பார்த்த சந்தியாகு முத்துக் குளித்த ஆள். மானேஜர் இரண்டாவது அலறலுக்கு வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டான். தலைமயிரைப் பிடித்து, காதைப் பிடித்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் தொப்பென்று போட்டான். விடுதலை வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“சாருக்கு ஒண்ணும் இல்ல. வயித்தை அமுக்குனாச் சரியாப் போவும்,” என்றான் சந்தியாகு. நன்றாகவே அமுக்கினான்.

கரையில் இறங்கியதும் துரை மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னார். விடுதலையின் வேலை போயிற்று.

அன்று மெஸ்ஸுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரு மீனுக்காவ வேலையைத் தொலைச்சிட்டீரேவே. உமக்கு மூளை இருக்கா?”

அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே யோசித்தார். “எனக்கு ரெண்டு தடவை மூச்சு முட்டிட்டுது. அது இன்னும் அடக்கிட்டுக் கெடக்கு. நீரு எப்படிவே அங்கன மூச்சு விட்டுக்கிட்டு நின்னீரு?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சாத்தான்குளத்தில் அவருடைய மச்சான் சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே போவதென்று முடிவாயிற்று. பஸ் ஏற்றிவிட ஆபீசிலிருந்து நாலைந்து பேர் போனோம். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றபோது, கூட்டத்தை இடித்துக்கொண்டு லூர்தம்மாள் வந்தாள். ஜன்னல் வழியாக இலைப் பொட்டலம் ஒன்றை அவர் மடியில் திணித்தாள்.

“பொரிச்சது. முள்ளை எல்லாம் எடுத்துட்டேன். பஸ்ஸு குலுங்கும், மெல்லத் தின்னுங்க.” அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த டைப்ரைட்டருக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒருவரையும் கேலி செய்ய எங்களுக்குத் தோன்றவே இல்லை. யாரையும் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.