எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு

அயித் உலூன்,
திங்கட்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு.

என் அன்புத் தம்பி பாசூவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் உன் அக்கா தூதா நலமாகவும் உயிரோடும் இருந்து எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே அகாதிரில் கடல் காற்றும் வெயிலுமாய்ச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "உயிரோடும்" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். நம் பெரியப்பா மகன் மிதெல்த்திலிருந்து உனக்குப் போன் செய்து, கவுன்சிலர் தூதா பதினோரு பெண் பிள்ளைகளோடு பனியில் காணாமல் போய்விட்டாள் என்று சொன்னானாமே. நான் காணாமல் போகவில்லை, பிள்ளைகளும் போகவில்லை. போனது பஸ் நிறுத்தத்தின் கூரை மட்டும்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உனக்குப் போன் செய்திருக்கலாமே என்று கேட்பாய். சனிக்கிழமையிலிருந்து கரண்ட் இல்லை. ஊரில் உயிரோடிருக்கும் ஒரே போன் இமாமுடையது. அது பள்ளிவாசல் மாடியில் ஒரு மூலையில் மட்டும்தான் பேசும், அந்த மூலைக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. கவுன்சிலரே வரிசையில் புகுந்தால் நன்றாகவா இருக்கும்? பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற மௌலூத் இன்றைக்கு நடந்தே மலையை விட்டு இறங்குகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அகாதிர் பஸ்ஸில் ஏற்றச் சொல்கிறேன்.

தேர்தலில் நில் என்று என்னைத் தூண்டிவிட்டவன் நீ. "மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம், டீ குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்க்கா" என்று சொன்னாய். பனி விழுந்த நாளிலிருந்து என் வீட்டில் தினமும் நடப்பது கூட்டம்தான் தம்பி, கையெழுத்துதான் இல்லை. காலைத் தொழுகை முடிவதற்குள் கதவு தட்டப்படும். முதலில் வருபவர் ஸகூராவின் மாமனார். அவர் வீட்டுக் கூரைப் பனியை நான் தள்ள வேண்டுமாம், ஏனென்றால் அவர் எனக்கு ஓட்டுப் போட்டாராம். அவர் போவதற்குள் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தர் வாசல் பனியை எடுத்து அடுத்தவர் வாசலில் கொட்டுகிறார், அவர் அதை எடுத்து இவர் வாசலில் கொட்டுகிறார், எட்டு நாளாக ஒரே பனி தெருவைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கிறது. "எந்தப் பனி யாருதுன்னு நீயே தீர்ப்புச் சொல்லு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். நான் முழங்கால் வரை புதைந்து நின்று பார்த்தேன், பனியில் பெயரா எழுதியிருக்கிறது? அதற்குள் மூன்றாவது ஆள் வந்து, பனிவண்டி ஏன் பக்கத்து ஊருக்கு முதலில் போனது, அங்கே எனக்கு என்ன சொந்தம் என்று கேட்டான். ஐந்து ஊருக்கு ஒரே வண்டி. மௌலூத்தோ ஒவ்வொரு ஊரிலும் புதினா டீயும் சூடான ரொட்டியும் வயிற்றுக்குள் போனால்தான் சாவியைத் திருப்புவான். எங்கள் கவுன்சில் தலைவர் பனிக்கு இரண்டு நாள் முன்னாடியே முக்கிய வேலை என்று மெக்னெஸுக்கு இறங்கிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் அவருடைய முக்கிய வேலை பனிக்கு இரண்டு நாள் முன்னாடிதான் வரும்.

உன் மச்சான் ஹத்தூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தார். இப்போது நான் வெளியே போனால் வருகிறவர்களை உட்காரவைத்து, குறைகளைக் கேட்டு, "அவ வந்ததும் சொல்றேன்" என்று சொல்லும் வேலை அவருக்கு. எல்லாக் குறையையும் பொறுமையாகக் கேட்பார், சாயங்காலம் எனக்குச் சொல்லும்போது எல்லாவற்றையும் கலந்துவிடுவார். போன வாரம் ஒரு விதவையின் வீட்டுக்கு நான் சினையாட்டு மருந்தும், ஆடு வைத்திருப்பவன் வீட்டுக்கு ரேஷன் மாவும் கொண்டுபோய்க் கொடுத்தது அப்படித்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணவியர் விடுதிக் காப்பாளர் போன் செய்தார். "நாளைக்கு மதியம் பள்ளி முடியுது. உங்க ஊர்ப் பிள்ளைங்க பதினோரு பேரை வேன்ல அனுப்பலாமா, இல்ல இங்கயே வெச்சுக்கட்டுமா? நீங்க சொல்றபடி செய்றேன்" என்றார். நான் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை. பிள்ளைகள் மூன்று வாரமாக அம்மா முகம் பார்க்கவில்லை. "அனுப்புங்க" என்றேன். ஒரே சொல் தம்பி. அதற்கப்புறம் என்னென்ன பாடுபட்டேன் தெரியுமா? சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது, மூன்று மணிக்குக் கரண்ட் போனது, நாலு மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து கழுதைக் கொட்டில் தெரியவில்லை. வேன் வரவில்லை. ஓட்டுநர் அலிலூவின் போன் அடிக்கவில்லை. அம்மாக்கள் ஒவ்வொருத்தியாய் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்கள். கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் கத்தவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாய் வரிசையாக உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பதினோரு பிள்ளைகளில் ஒருத்தியான இஸ்ஸாவின் அம்மா வாய் திறந்தாள்.

"வேற ஒண்ணும் கேக்கல தூதா. அனுப்பச் சொன்னது நீதானா?"

ஹத்தூ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அது வந்து, விடுதிக்காரங்கதான் அவசரப்பட்டு..." என்று ஆரம்பித்தார். நான் அவரை நிறுத்தி, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுக் கேட்டுப் போன நாளில் எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன். நான் பேசியதிலேயே கனமான பேச்சு அதுதான்.

மௌலூத் அந்த இருட்டில் வண்டி எடுக்க முடியாது என்றான். அவன் சொன்னது சரிதான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு விடிந்ததும் நானே போய் அவனை எழுப்பினேன். டீ வேண்டும் என்று வாயெடுத்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக வண்டியில் ஏறினான். "ஏம்மா, இதுல ஒரு ஆளுக்குத்தான் சீட்டு" என்றான். "அப்ப நீ நின்னுட்டு ஓட்டு" என்றேன். கியர் பெட்டிமேல் உட்கார்ந்து போனேன், இன்னும் உட்கார முடியவில்லை. கணவாய்க்குப் போகும் வளைவில் வெள்ளை மேடு ஒன்று வழியில் நின்றது. "பனிதான், தள்ளு" என்றேன். தள்ளினான். டமார் என்று ஒரு சத்தம். போன வசந்த காலத்தில் நான் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த பஸ் நிறுத்தம், அதன் கூரை வண்டியின் முன்னால் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை இறக்கப் பார்த்ததில் வண்டி பின்னால் சறுக்கி ஓடைக்குள் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டது. மௌலூத் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் இறங்கி நடந்தேன். அவன் பின்னாலிருந்து, "உன்னைத் தேட இன்னொரு கவுன்சிலர் வேணுமேம்மா" என்று கத்திக்கொண்டே வந்தான்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே வேன் நின்றது. ஜன்னல் வரை பனி. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. ஒரு சிவப்புக் கையுறை மட்டும் சீட்டில் கிடந்தது. தம்பி, அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. மௌலூத்தான் தோளைத் தட்டி மேலே காட்டினான். பாறைக்குப் பக்கத்தில் புகை.

அது மிமூனின் ஆட்டுக் கிடை. மிமூனை உனக்குத் தெரியும், என்னிடம் ஒன்பது ஓட்டில் தோற்றவன். பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கும்போது இவள் ஏன் என் வார்டில் வந்து நின்றாள் என்று மூன்று வருஷமாய் என்னோடு பேசாதவன். சந்தையில் நான் எதிரே வந்தால் கழுதையைத் திருப்பிக்கொண்டு போகிறவன். அவன் கதவைத்தான் இரண்டு கையாலும் தட்டினேன். அவனே திறந்தான். கக்கத்தில் ஒரு குட்டி ஆடு, முகத்தில் அதே கடுகடுப்பு.

"வாங்க கவுன்சிலரம்மா. உங்க மந்தை வழி தவறி என் கிடைக்கு வந்துடுச்சு. எண்ணிப் பார்த்து ஓட்டிட்டுப் போங்க."

உள்ளே ஆடுகளின் சூட்டில், வைக்கோல்மேல், கம்பளிக்குள் கம்பளியாக எல்லாரும் சுருண்டு கிடந்தார்கள். பார்லிக் கஞ்சி வாசனை. நான் எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன், பன்னிரண்டு. பதினொன்று வரவில்லையே என்று மூன்றாவது தடவை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது தலைக்கு மீசை இருந்தது. அலிலூ! இஸ்ஸாவின் பூப்போட்ட சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் வைக்கோல் என்று நினைத்து ஒரு கிடாமேல் உட்கார்ந்துவிட்டேன். அது என்னைச் சகித்துக்கொண்டது.

நடந்ததை மிமூன் சொல்லவில்லை, இஸ்ஸாதான் மூச்சுவிடாமல் சொன்னாள். வேன் சிக்கியதும் அலிலூ ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தானாம், அரை மணி நேரத்தில் நாயும் இரண்டு கோவேறு கழுதைகளும் கயிறுமாக மிமூன் வந்தானாம். "கழுதை வாலைப் பிடிச்சவ விடக் கூடாது, விட்டா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்று மிரட்டி வரிசையாக நடத்தினானாம், ஆனால் பத்து அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம். மிமூன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, "பொய் சொல்றா" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "ராத்திரி பூரா வாய் மூடலை இவளுங்க. வீட்டுக்காரி போய் எட்டு வருஷமாச்சு. இந்தக் கூரைக்குக் கீழ இத்தனை சத்தம் கேட்டதில்ல" என்றான். கஞ்சியை எனக்கு நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

அவன் கிடைக்கூரையில் ஒரு சோலார் தகடு இருக்கிறது, சுவர்மேல் ஏறி நின்றால் போனும் பேசும், சனிக்கிழமை ராத்திரிப் புயலில்தான் அதுவும் பேசவில்லையாம். அவன் போனில் இமாமைக் கூப்பிட்டேன். இமாம் பள்ளிவாசலின் பேட்டரி ஒலிபெருக்கியில் மூன்று தடவை அறிவித்தார் என்று ஹத்தூ சொன்னார். எல்லா அம்மாக்களும் அந்த நம்பரை வாங்கிக்கொண்டு இமாம் போனிலிருந்தே வரிசையாகத் தங்கள் பிள்ளைகளோடு பேசினார்கள். மதியத்துக்குள் கழுதை வாலைப் பிடித்துக்கொண்டே எல்லாரும் ஊருக்குள் இறங்கினோம். இஸ்ஸாவின் அம்மா ஓடி வந்தாள். முதலில் மகள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள், பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் அங்கிப் பையில் எதையோ திணித்துவிட்டுப் போனாள். பார்த்தால் சூடான இரண்டு அவித்த முட்டைகள். பாசூ, இந்த மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த பதவியிலேயே பெரிய பதவி அந்த முட்டைகள்தான். ஓட்டோடு தின்னாத குறை.

இன்று காலையில் நானே பள்ளிவாசலுக்குப் போய் ஒலிபெருக்கியில் மிமூனுக்கு நன்றி சொல்லச் சொன்னேன், பேர் சொல்லி, ஊர் கேட்க. இப்போது உனக்கு மட்டும் ஒரு ரகசியம். நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த தேர்தலில் நிற்க மாட்டேன். வானத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னதற்கே ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சில் கல்லோடு உட்கார்ந்திருந்தேன், இன்னொரு தடவை என்னால் முடியாது. மிமூன் நிற்கட்டும், என் ஓட்டே அவனுக்குத்தான். இதை எழுதும்போதே தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருக்கிறது. நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன், தெரியுமா? கதவைத் தட்டியது என் காதிலேயே விழவில்லை.

உனக்கு அரை மூட்டை வால்நட் கட்டி வைத்திருக்கிறேன், வழி திறந்ததும் வரும். பிள்ளைகளின் கன்னத்தில் எனக்காக முத்தம் கொடு. தம்பி மனைவிக்கு என் சலாம் சொல்லு. மீன் சாப்பிடும்போது முள் பார்த்துச் சாப்பிடுங்கள். உங்கள் தலைக்கு மேலே எப்போதும் வெயில் இருக்க வேண்டும் என்று துஆ செய்யும்,

உன் அக்கா,
தூதா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் மிமூன் வந்தான். மலையிலிருந்து இறங்கி என் வீட்டு வாசலுக்கு, அவனே! ஒலிபெருக்கியில் சொன்னதற்குச் சந்தோஷப்பட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "என் நம்பரை ஊருக்கெல்லாம் குடுத்தது யாரு?" என்று கேட்டான். நேற்றிலிருந்து அவன் போன் நிற்கவே இல்லையாம். காஸாபிளாங்காவிலிருந்து ஒருத்தன் தன் மாமியார் வீட்டுக் கூரை தாங்குமா என்று கேட்டானாம், பிரான்ஸிலிருந்து ஒருத்தி தன் அப்பாவுக்கு விறகு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு அழுதாளாம், நம் தலைவர் மெக்னெஸிலிருந்து கூப்பிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வா, பனி சம்பந்தமான எல்லாப் பொறுப்பையும் உனக்கே தருகிறேன் என்றாராம். "ஒரு நாளைக்கே எனக்குத் தலை சுத்துது, நீ மூணு வருஷமா எப்படி இருக்கே?" என்று கேட்டான். நான் அடுத்த தேர்தலைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். இரண்டு அடி பின்னால் போனான். "நான் நிக்கப் போறேன்னு எவனாவது சொன்னா அவன் மேல நாயை அவுத்து விட்டுடுவேன். நீ நில்லு. நில்லுன்னு சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் ஏறிப் போய்விட்டான். கொட்டிலிலிருந்து ஹத்தூ, "யாரு வந்தது?" என்று கேட்டார். "மிமூன். ஓட்டுக் கேட்டு வந்தான்" என்றேன். "அதுக்குள்ளயா? யாருக்கு?" என்றார். "எனக்குத்தான்" என்றேன்.