முயல் மாமா உள்ளே போன விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை ஊரே விசாரித்துக்கொண்டிருப்பதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்ததுமே உங்கள் அக்காவிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம், "இந்தப் பொம்மைப் படம் குடும்பத்துல ஒருத்தரையாவது கவுக்காம விடாது, பாரு" என்றேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்த எட்டாம் வகுப்பையே மற்றவர்களைவிட இரண்டு வருஷம் கூடுதலாகப் படித்தவன். என் கணிப்பு தப்பாது.

படத்தின் கதை இதுதான். பொம்மைகளுக்கெல்லாம் உயிர் இருக்கிறது. ஆள் இல்லாதபோது பேசுகின்றன, பாடுகின்றன, வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வில்லன் யார் தெரியுமா? என்னைப் போலவே மெத்தை தைக்கிறவன்! கழுத்தில் டேப், வாயில் ஊசி, முன்னால் தொப்பை, அசல் என் ஜாடை. கிழிந்த பொம்மைகளைப் பிடித்து, வயிற்றிலிருந்து பஞ்சை உருவி, தலையணைக்குள் திணிக்கிறான். தியேட்டரே "ஊஊ" என்று கத்தியது. உங்கள் மருமகள், அதாவது என் பொண்ணு, மட்டும் கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். படம் முடிகிறவரை என்னைத்தான் பார்த்தாள். டிக்கெட் வாங்கியது திரையைப் பார்க்க.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த முயல் பொம்மையைத்தான். நீங்கள் கொடுத்தது என்பதால் அதற்கு "முயல் மாமா" என்றே பெயர் வைத்திருந்தாள். உங்களையும் எல்லோரும் முயல் என்று கூப்பிடுவது உங்கள் வேகத்துக்காகத்தான். பல்லுக்காக என்று சொல்கிறவர்களை நான் பல தடவை கண்டித்திருக்கிறேன். அந்தப் பொம்மை போன மாசமே வயிறு கிழிந்து மூலையில் கிடந்தது. வேலை அவசரத்தில் பஞ்சை நான் எடுத்துக்கொண்டேன். தோல் மட்டும் தையல் மிஷின் மேல் தொங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, உள்ள இருந்த மாமா எங்க?"

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "போலீஸ் ஸ்டேஷன்ல இருக்காருடா கண்ணு" என்றேன். விஷயம் என்னவென்றால், இன்ஸ்பெக்டர் தம் நாற்காலி மெத்தையைத் தாமே தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வந்து, "அண்ணே, உங்க கை பட்டாத்தான் என்னால உக்கார முடியும்" என்று கெஞ்சினார். அந்த மெத்தைக்குத்தான் அந்தப் பஞ்சு போயிற்று. அவளிடமும் அதையே சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், லீவுக்கு யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்.

"முயல் மாமாவ. போலீஸ் ஸ்டேஷன்ல உள்ள இருக்காரு."

"ஐயையோ! எதுக்கும்மா?"

"கிழிஞ்சிட்டாருன்னு அப்பாதான் கொடுத்துட்டாரு. இன்ஸ்பெக்டர் அவர் மேலயே உக்காந்திருக்காரு, மிஸ்."

அந்த டீச்சரின் வீட்டுக்காரர் நீங்கள் வேலை பார்க்கிற குடோனில்தான் கணக்கு எழுதுகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலத்துக்குள் உங்கள் மேனேஜர் குடோன் சாவியை உங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாராம். உங்கள் வீட்டுக்காரி, அதாவது என் தங்கச்சி, போன் பண்ணி, "அண்ணே, நீயெல்லாம் ஒரு அண்ணனா? சாவி திரும்பி வர்ற வரைக்கும் உன் வாசல் மிதிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டில் உங்கள் அக்கா எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் தட்டை வைக்கிற சத்தம் சரியில்லை.

கவலையை விடுங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே மேனேஜரிடம் நீட்டுங்கள். உள்ளே இருப்பது பஞ்சு, ஆள் இல்லை. சந்தேகம் இருந்தால் அவரே ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரை எழுந்திருக்கச் சொல்லி, மெத்தையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும். சாவி கைக்கு வந்துவிடும். தங்கச்சியும் வாசலுக்கு வந்துவிடுவாள்.

நீங்களும் தங்கச்சியும் சகல சந்தோஷங்களோடும் சாவியோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் அன்பு மச்சான்.

பின்குறிப்பு: மேனேஜரிடம் இன்னும் காட்டவில்லையென்றால் காட்ட வேண்டாம். மற்றதெல்லாம் சத்தியம், அந்த இன்ஸ்பெக்டர் மட்டும் நானாகச் சேர்த்தது. பஞ்சு பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் பொண்ணு உடனே பிரித்துக் காட்டச் சொல்வாளே என்று ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே அது கௌரவமாக இருந்தது. பஞ்சு என் கடையில், நான் உட்காரும் ஸ்டூல் மெத்தையில்தான் இருக்கிறது. படம் பார்த்ததிலிருந்து அதன் மேல் உட்கார மனசு வரவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேனேஜரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். அவர் கண்ணெதிரிலேயே உங்களை வெளியே எடுத்துவிடுகிறேன்.