‘நாமெல்லாரும்’ சார் திறந்த வால்வு

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் எது குறைந்தாலும் பேச்சு குறையாது. அப்போது தலைகாட்டும் ஒரு வகை மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்கள் தெருவிலும் உண்டு. தேட வேண்டாம், சத்தம் கேட்கும்.

எங்கள் தெருவில் அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெயர் வீட்டுப் பத்திரத்தில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ‘நாமெல்லாரும்’ சார். ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது, ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை விட்டுவிடுவது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சொல்பவரையே விட்டுவிடும் ‘நாம்’ ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை சாரையே சேரும்.

தெருவின் பொதுத் தொட்டியில் சேறு ஏறியபோது தையல்கடையில் கூட்டம் போட்டோம். சார் எழுந்தார். தண்ணீர்தான் உயிர் என்றார், ஒற்றுமை என்றார், வருங்காலச் சந்ததி என்றார், பேசிப் பேசித் தொண்டை வறண்டு, தையல்காரர் தமக்கென்று மிச்சம் வைத்திருந்த குடிநீரையும் குடித்து முடித்து, “நாமெல்லாரும் இறங்கணும்!” என்று உட்கார்ந்தார். கைதட்டினோம்.

மறுநாள் இறங்கினோம். சார் இறங்கவில்லை. இஸ்திரி கலையாத சட்டையோடு விளிம்பில் நின்று, “அந்த மூலையில இன்னும் கிடக்கு பாருங்க” என்றார். உள்ளேயிருந்து சேற்று வாளியைத் தூக்கிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அவர் மனைவி.

தொட்டி சுத்தமானது. வாரம் ஒரு வீட்டார் வால்வைக் கவனிக்க வேண்டும், மேல்பாதித் தெருவுக்குக் கொஞ்ச நேரம் விட்டு, மூடி, பிறகு கீழ்ப்பாதிக்குத் திறக்க வேண்டும் என்று முடிவானது. கீழ்ப்பாதியின் கடைசி வீட்டில் நர்ஸ் அக்கா இருக்கிறார். படுத்த படுக்கையாக மாமனார். ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் அந்த வீடு திண்டாடும்.

சார் வீட்டு முறை வந்தது. மனைவி மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். வேறு வழியின்றி சாரே வால்வைத் திறந்தார். திறந்த கையோடு அதைப் படம் எடுத்துத் தெருவுக்கெல்லாம் அனுப்பினார். பாராட்டுகள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் உருக்கமாகப் பதில் எழுதினார். மூடத்தான் ஆள் இல்லை. மேல்பாதி வீடுகள் நிரம்பி, வழிந்து, சாக்கடை சுகமாகக் குளித்தது. கீழ்ப்பாதிக்குக் காற்றுதான் வந்தது.

வேலை முடிந்து வந்த நர்ஸ் அக்கா குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, காலி வாளியோடு ஸ்டூடியோவுக்கு நடந்தார். நாங்கள் சும்மா இருப்போமா? பின்னாலேயே போனோம்.

“சார், மாமாவுக்குத் துணி மாத்தணும். தண்ணி வரலை.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்! நாமெல்லாரும் பொறுப்பா நடந்துக்கணும். உடனே ஒரு கூட்டம் போட்டுடலாம்.”

“கூட்டம் வந்து அவரைக் குளிப்பாட்டுமா சார்?”

சாருக்குப் பேச்சு நின்றுவிட்டது. இதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் கைகொடுக்கவில்லை. வாளியை வாங்கினார்; மேல்பாதியிலுள்ள தம் வீட்டிலிருந்து மொண்டு கடைசி வீடுவரை சுமந்து போனார். உள்ளே பெரியவர் ஈரத் துணியில் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்க வேண்டும். வெளியே வந்தவர் மறுபடி வாளியை எடுத்தார். அக்கா வீட்டு அண்டா நிரம்பும்வரை நடந்தார்.

திருந்திவிட்டாரா? அவசரப்படாதீர்கள். வால்வை நேரத்துக்கு மூடினார், உண்மைதான். ஆனால் அடுத்த கூட்டத்தில், “நாமெல்லாரும் அன்னைக்குத் தண்ணி சுமந்தோமே!” என்று தழுதழுத்தார். கைதட்டினோம். அந்த வாக்கியத்துக்குள் அவர் நிஜமாகவே இருந்தார். நாங்கள்தான் இல்லை. அன்றைக்கு ஸ்டூடியோ வாசலில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவருக்குப் படிக்கக் கொடுக்கலாமே என்று கை பரபரக்கும். தாராளமாகக் கொடுங்கள். வாசல் மணி அடித்தால் மட்டும் பார்த்துத் திறவுங்கள். அவரும் உங்களுக்காக ஒரு பிரதியோடு நிற்கலாம்.