ஐந்தருவிப் படத்தில் துண்டுக்குள் இருப்பது யார்?

தென்காசி,
ஆடி மாதம் 24ஆம் தேதி.

சிரஞ்சீவி நமசிவாயத்துக்கு உன் மூத்த அத்தான் வல்லிநாயகம் ஆசி கூறி எழுதுவது. நாக்பூரில் நீயும் சுகந்தியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க விசுவநாதரையும் உலகம்மனையும் வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் உன் அக்கா லோகநாயகி சௌக்கியம். சாரல் நன்றாக விழுகிறது. அருவிகளில் தண்ணீர் கொட்டுகிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவர் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், ‘கடையம் குடும்பம்’ குரூப்பிலிருந்து போன செவ்வாய்க்கிழமை நான் வெளியேறிவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் இதுவரை ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஆகவே விஷயத்தை ஆதியோடந்தமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உங்கள் அம்மா காலமான பிறகு கடையம் வீட்டிலிருந்த போட்டோப் பெட்டி உன் சின்ன அக்கா ஜோதிலட்சுமியோடு இலத்தூருக்குப் போனதல்லவா? மூத்த மருமகன் நான் இருக்க, பெட்டி இளைய மருமகன் வீட்டுக்குப் போகிறதே என்று அப்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என் சகலை நாறும்பூநாதன் இப்படி ஒரு ராஜாங்கம் நடத்துவார் என்று யார் கண்டது! ஆனி மாதம் ஒரு ஸ்கேனர் வாங்கினார். அன்றையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு குரூப்பில் ஒரு படம். மாமா சைக்கிளோடு நிற்கிற படம், திருச்செந்தூரில் உனக்கு மொட்டை போட்ட படம், ஜோதிலட்சுமி பாவாடை சட்டையில் கன்றுக்குட்டியைப் பிடித்திருக்கும் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘காலம் கரைத்தாலும் கரையாத கணங்கள்’ என்று ஒரு வாசகம் வேறு. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷனுக்கு இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? அதற்கு ஊரே ஹார்ட் போடுகிறது. நீ ஒரே படத்துக்கு மூணு போட்டாய். நான் எண்ணினேன். உன் அக்கா காலையில் காபி போடுவதற்கு முன்னால் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “நாறும்பு எவ்வளவு பொறுப்பா செய்யுதாரு பாருங்க” என்பாள். இதைக் கேட்டுக்கொண்டு முப்பத்தைந்து நாள் காபி குடித்திருக்கிறேன், மாப்பிள்ளை.

நம்ம வீட்டிலேயும் மூணு ஆல்பம் இருக்குல்லா, நாமளும் போடுவோம்னு முடிவு பண்ணினேன். ஸ்கேனர் எதுக்கு, போன் போதும்னு ஹால்ல தரையில ஆல்பத்தை விரிச்சு வச்சு, மேலே குனிஞ்சு நின்னு நாப்பது படம் எடுத்து ஒரே மூச்சுல குரூப்ல போட்டுட்டேன். அடுத்த நிமிஷம் சகலை எழுதுதாரு, “அண்ணாச்சி, படமெல்லாம் அருமை. ஆனா எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு வழுக்கைத்தலை நிக்குதே, அது யாரு, குடும்பத்துல மூத்தவங்களா?” உத்துப் பாத்தா, ட்யூப்லைட் வெளிச்சத்துல என் தலை கண்ணாடிக் காகிதத்துல விழுந்து, எங்க கல்யாணத்துல தாலி கட்டுத இடத்துல கூட நானே மேலேயிருந்து எட்டிப் பாத்துட்டு இருக்கேன். அந்தக் கேலிக்கு நாப்பத்தோரு பேரு சிரிக்கிற பொம்மை போட்டாங்க. அதுல உன் மகன் சந்தோஷ்குமாரும் ஒருத்தன். சின்னப்பிள்ளை, அவன மன்னிச்சுட்டேன்.

இதோட விட்டிருக்கலாம். ஆனா எனக்கு மனசு ஆறலை. சகலைகிட்ட இல்லாத ஒரு படம் நம்மகிட்ட இருக்கு, எங்க கல்யாணப் படம், பெரிய சைஸ், பிரேம் போட்டது. அதை ஒழுங்கா எடுத்து அனுப்பிட்டா அவரு வாயை மூடிரலாம்னு பிரேமைக் கழத்தினேன். முப்பத்தொம்பது வருஷத்துச் சாரல் ஈரத்துல படம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கு. ஆவி காட்டினா விட்டுரும்னு யாரோ எங்கேயோ சொன்ன ஞாபகம். இட்லிக் கொப்பரையை அடுப்புல ஏத்தி, தட்டை எடுத்துட்டு, மேலே பிரேமைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உன் அக்கா உள்ளே வந்தா.

“என்னத்த அவிக்கீய?”

“நம்ம கல்யாணத்த.”

அவ முறுக்கு மாவை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டா. பத்து நிமிஷத்துல படம் விட்டுச்சு. பாதி விட்டுச்சு. அவ அட்டையில அப்படியே புதுசாட்டம் இருக்கா. நான் மட்டும் உரிஞ்சு கண்ணாடியில ஒட்டிக்கிட்டேன். இப்போ எங்க கல்யாணப் படத்துல அவ தனியா மாலையும் கழுத்துமா நிக்கா, நான் இன்னொரு பக்கம் கண்ணாடியில மாலையோட நிக்கேன். ரெண்டையும் பொருத்தி வச்சுப் பாத்தா எனக்கு மூக்கு இல்லை.

அதுக்குப் பெறகுதான் புத்தி வந்து, கோயில் பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்க அய்யாத்துரை அண்ணாச்சிகிட்ட மூணு ஆல்பத்தையும் கொண்டு கொடுத்தேன். நல்ல மனுஷன், நாலே நாள்ல அத்தனையும் ஸ்கேன் பண்ணி என் போன்லயே ஏத்திக் கொடுத்துட்டாரு. வினையே அங்கனதான் ஆரம்பிச்சது. இந்தப் போன் இருக்கே, அதுவா ஒவ்வொரு மூஞ்சியா அடையாளம் கண்டுபிடிச்சு, ஒரே ஆளு இருக்க படமெல்லாம் ஒரு இடத்துல சேத்து வைக்குமாம். அண்ணாச்சி ஒவ்வொரு மூஞ்சிக்கும் பேரு கேட்டாரு, சொன்னேன். லோகநாயகி, தொண்ணூத்தாறு படம். சரி. நாறும்பூநாதன், எழுபத்தொண்ணு. என் ஆல்பத்துல! நான், பதினாலு. அந்தப் பதினாலுல மூணு ரேஷன் கார்டுக்கு எடுத்தது. “அண்ணாச்சி, நீங்க போட்டோ எடுத்துக் கொடுத்திருப்பீய, அதான் நீங்க இல்ல”ன்னு அவரு சமாதானம் சொன்னாரு. எங்க வீட்டுல என்னைக்கு கேமரா இருந்தது, மாப்பிள்ளை?

சகலையோட எழுபத்தொண்ணையும் ஒண்ணொண்ணாத் தள்ளிப் பாத்துட்டு வந்தேன். மத்த எழுபதையும் நான் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணுதான் என்னைக் கொல்லுது. எம்பத்தெட்டாம் வருஷம் சீசனுக்கு எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம்லா, அப்போ அருவிக்கரையில படம் பிடிக்கிறவர் எடுத்தது. குளிச்சு முடிச்ச ஈரச்சேலையோட உன் அக்கா நிக்கா. பக்கத்துல ஒரு ஆளு, சட்டை இல்லை, தலையில துண்டு. துண்டு மூக்கு வரைக்கும் தொங்குது, வாயும் தாடையும்தான் தெரியுது. ஏதோ சொல்லுதான். அதுக்கு உன் அக்கா சிரிக்கா பாரு! வாயைப் பொத்தலை, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு, ஒரு கையால முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு சிரிக்கா. என் பக்கத்துல அவ நிக்கிற எந்தப் படத்தையும் எடுத்துப் பாரு, ஆதார் அட்டைக்கு உக்காந்த மாதிரி இருப்பா. அந்தத் துண்டுக்காரன் சகலைதான்னு போன் சொல்லுது.

“வேற ஆள்”னு அமுக்கினேன். கொஞ்ச நேரங்கழிச்சு, “இருவரும் ஒரே நபரா?”ன்னு திரும்பக் கேக்கு. இல்லைன்னேன். மறுநாளும் கேக்கு. வாங்கினது நான், சார்ஜ் போடுதது நான், அதுக்குப் பாசம் பூரா சகலை மேல.

போன செவ்வாய்க்கிழமை காலையில பஸ் ஏறி இலத்தூருக்குப் போயிட்டேன். சகலை வாசல்லயே, “வாங்க அண்ணாச்சி, ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்லா”ன்னு வரவேத்தாரு. மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது, அதைச் சொல்லணும். நான் உக்காரக்கூட இல்லை, போனை நீட்டினேன்.

“இது யாருவே?”

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. “நான்தான் அண்ணாச்சி. இதுல என்ன சந்தேகம்? ஏதோ சொல்லிட்டிருக்கேன் பாருங்க. நான் எது சொன்னாலும் லோகா மதினி சிரிப்பாவல்லா.”

“அது நான்”னேன்.

“நீங்களா?” அவரு நெசமாவே யோசிக்காரு. “நீங்கன்னா மதினி எதுக்குச் சிரிக்கப் போறாவ?”

குத்தலாக் கேட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். கணக்குல சந்தேகம் கேக்குத மாதிரி கேக்காரு. தோள்பட்டையைப் பாருவே, படத்துல இருக்கவனுக்கு இடது தோள் எறங்கியிருக்கு, எனக்கும் எறக்கம்தான்னு சொன்னேன். “எங்க, சட்டையைக் கழத்துங்க பாப்போம்”னாரு. நான் மட்டும் எதுக்கு, நீரும் கழத்தும்னேன். ரெண்டு பேரும் சட்டையைக் கழத்திட்டு, தலையில ஆளுக்கொரு துண்டைப் போட்டுக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல அதே மாதிரி சாஞ்சு நிக்கோம். போனை நடுவுல சாத்தி வச்சிருக்கு. வயிறு ரெண்டு பேருக்குமே படத்தோட ஒத்துவரலை, அதை ரெண்டு பேரும் பேசலை. அந்நேரம் பாத்து ஜோதிலட்சுமி காபியோட வாரா.

“என்ன, இந்த வருஷம் அருவி நம்ம வீட்டுக்குள்ளேயே விழுதா?”

விஷயத்தைச் சொன்னோம். “எனக்கென்ன தெரியும், நான் அப்போ நெறமாசமாக் கடையத்துல கெடந்தேன்”னு சொல்லிட்டு, காபியை வச்சா, தன் போனை எடுத்தா, எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்தா. நான் பஸ் ஏறி வீடு வந்து சேருததுக்குள்ள அது குரூப்புக்கு வந்துட்டு. கீழே சகலையோட வாசகம் வேற, ‘இரு துண்டுகள், ஓர் உறவு.’ அன்னைக்குத்தான் குரூப்பை விட்டு வந்தேன். அந்தப் படத்துக்கு நீயும் ஹார்ட் போட்டிருந்ததா உன் அக்கா சொன்னா.

லோகாகிட்டயே கேட்டா என்னன்னு நீ சொல்லுவே. கேக்கலாம். கேட்டா அவ சொல்லிருவா, அதான் மாப்பிள்ளை எனக்குப் பயம். நாறும்புதான்னு சொல்லிட்டா அப்புறம் நான் எங்க போய் நிக்க? இத்தனை வருஷம் என்கூட இருந்தவ, என் முன்னால ஒரு தடவை அப்படிச் சிரிச்சதில்லை. பென்ஷன் ஆபீஸ்ல நான் வழுக்கி விழுந்தப்போகூட, “பாத்து வரக்கூடாதா”ன்னுதான் சொன்னா.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் குடும்பத்திலேயே நேர்மையானவன் நீ ஒருத்தன்தான். தங்கமான பிள்ளை. உன் வார்த்தைக்கு எல்லாரும் மதிப்பு வைத்திருக்கிறார்கள். நீ குரூப்பில் ஒரே ஒரு வரி எழுது: “ஐந்தருவிப் படத்தில் துண்டுக்குள் இருப்பது வல்லிநாயகம் அத்தான்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.” ஞாபகம் இல்லாவிட்டாலும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தை மாதம் வரும்போது எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், இலத்தூரில் அல்ல.

சுகந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
வல்லிநாயகம்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. குரூப்பில் ஒரு வரியும் எழுதிவிடாதே.

கவர் தேடிக்கொண்டு உள்ளே போனேன். அதற்குள் உன் அக்கா மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். நான் வந்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மாப்பிள்ளை, அதே சிரிப்பு! போனை எடுக்க ஓடினேன். எடுத்துக்கொண்டு வருவதற்குள் நின்றுவிட்டது. இன்னொரு தடவை சிரி என்றேன். “போங்க அங்கிட்டு, வேலையப் பாருங்க” என்று சொல்லி, போனுக்கு நேராக விறைப்பாக உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், “அது நம்ம நமசிவாயம்லா!” நீயும் அன்றைக்கு எங்களோடுதான் வந்தாய் என்று நான் நினைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே ஐந்தருவிக்கு வந்தாயாமே? உன் அப்பா அந்தப் பக்கம் நிற்கிறார், கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று துண்டை மூஞ்சியில் இழுத்து விட்டுக்கொண்டாயாமே? நானும் சகலையும் அந்நேரம் மேலே வேன் பக்கத்தில் ஆளுக்கொரு துணிப்பையைக் காவல் காத்துக்கொண்டு நின்றோமாம். முப்பத்தேழு வருஷமாக இதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. ‘நேர்மையானவன்’, ‘தங்கமான பிள்ளை’ ஆகிய இரண்டையும் வாபஸ் வாங்குகிறேன். தை மாதம் எங்கே வேண்டுமானாலும் தங்கிக்கொள்.

சகலையிடம் இதை நானே நாளைக் காலை நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் நாளைக்கு நல்ல காபி வைத்திருந்தால் குரூப்பிலும் திரும்பச் சேர்ந்துவிடுவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு அருவிக்கரையில் நீ அவளிடம் என்ன சொன்னாய்? அவளைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள். நீ யோசித்துப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல், எந்த இடத்தில் நிறுத்தினாய், எந்த இடத்தில் குரலை மாற்றினாய் என்பது உட்பட எழுதி அனுப்பு. கட்டாயம் தபாலில்தான் அனுப்ப வேண்டும். குரூப்பில் போட்டுவிடாதே. சகலை ஆறு மணிக்கே எழுந்து அவளிடம் சொல்லிவிடுவார்.