பரங்கிப் பூவும் சீயக்காய்த் தண்ணியும்

சிதம்பரம்,
புரட்டாசி, திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி திருநாவுக்கரசுக்கு அக்கா இருசம்மாள் எழுதுவது. நீயும் எழிலரசியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தில்லைக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன். நலம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். போனை எடுத்தால் எனக்கு அழுகை வருகிறது, நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். காயிதம் என்றால் நீ முழுசும் படித்துத்தான் ஆகவேண்டும். நாலாவதோடு நின்ன கை, எழுத்துப் பிழையைப் பெரிசு பண்ணாதே.

விஷயம் என்னன்னா, நான் திருப்பாதிரிப்புலியூருக்கே வந்துடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு டாட்டா ஏஸ் எடுத்துக்கிட்டு வா. கருமாதி அன்னைக்கு நீ கூப்புட்டப்ப, "ஒங்க மாமா ஊனுன பரங்கி காய்க்கட்டும், அப்பறம் பாக்கலாம்"னு சொன்னேன்ல. அது காய்க்காது.

ஆடியில கொல்லையில அந்த வெதைய ஊனிட்டுத்தான் மாமா நெஞ்சு வலிக்குதுன்னு உள்ள வந்து படுத்தாரு. அவரு போயிட்டாரு, அது மொளச்சிது. மாட்டுக்கொட்டகை மேல ஏறி, கூரை தெரியாம படர்ந்து, மஞ்சமஞ்சளா பூத்துது. வருஷா வருஷம் அவரே காயிலேருந்து எடுத்து வச்ச வெதை, வேற ஒண்ணும் மிச்சம் இல்ல. ஒரே ஒரு காய் புடிச்சாலும் அந்த வெதைய வச்சிக்கிட்டு இந்த வூட்லயே இருந்துடுவேன், இல்லன்னா பூட்டிட்டு வந்துடுவேன்னு மனசுக்குள்ள சொல்லி வச்சிருந்தேன். ஆனா பிஞ்சோட வர்ற பொட்டப்பூ எல்லாம் மஞ்சளாயி அழுவி வுழுந்துடுது. கண்ணு பட்டுடிச்சின்னு பழஞ்செருப்பக் கட்டினேன். அடுத்த வீட்டுக் கொளஞ்சி சாம்பலக் கொட்டச் சொன்னா, கொட்டினேன். ஒண்ணும் நடக்கல.

அப்பறம் கொளஞ்சி பொண்ணு இலக்கியா, காலேஜ்ல செடிகொடி படிக்குதே, அது லீவுல வந்துது. வேலியில எட்டிப் பாத்துட்டு, "பெரிம்மா, ஏணி மேல நின்னு என்ன பண்றீங்க?"ன்னு கேட்டுது. கொடியக் குளிப்பாட்டறேன்னேன். காலையில எந்திரிச்சா இப்ப யாருக்கும் டீ போட வேண்டியதில்ல, வெந்நீர் வைக்க வேண்டியதில்ல. அதனால ரோட்டுப் புழுதி போவட்டும், பூச்சியும் போவட்டும்னு, சீயக்காய் கரைச்ச தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயி, பூவு ஒவ்வொண்ணையும் விரிச்சி உள்ள ஊத்திக் கழுவி விட்டுடுவேன். ஒரு வேலைன்னு இருக்கணும்ல.

அந்தப் பொண்ணு தலையில கைய வச்சிக்கிச்சி. "ஐயையோ பெரிம்மா! ஆம்பளப்பூவுக்குள்ள இருக்கற மஞ்சத்தூளு ஒவ்வொண்ணு மேலயும் எண்ணெய் பூசினாப்புல ஒரு பிசுக்கு இருக்கும். அதாலதான் அது தேனீ மேல ஒட்டும், பொட்டப்பூ நடுவுல போயி ஒட்டும், மொளச்சி உள்ள எறங்கும். நீங்க தெனமும் சீயக்காய் போட்டுப் பிசுக்கெடுத்தா எப்பிடிக் காய்க்கும்?"

கொளஞ்சி சும்மா இருப்பாளா? "தானும் எண்ணெய் வைக்காம பரட்டையாத் திரியறா, கொடியையும் பரட்டையாக்கிட்டா"ன்னா. மாமா போனதுலேருந்து அன்னைக்குத்தான் தம்பி எனக்குச் சிரிப்பு வந்துது. சிரிச்சிட்டு உள்ள போயி அழுதேன்.

சரி, எண்ணெய்தானே போச்சி, நாமளே வச்சிடலாம்னு, மாமா தேய்ச்சிக்கிற தேங்காயெண்ணெய் பாட்டில்ல அடியில கெடந்தத வழிச்சி, பஞ்சுல தொட்டு, பூவுக்குப் பூ வச்சேன். ஆம்பளப்பூ பொம்பளப்பூன்னு வித்தியாசம் பாக்கல. மறுநாள் பாத்தா, கடலூர் மாவட்டத்து எறும்பெல்லாம் கல்யாணத்துக்கு வந்தாப்புல கொட்டகை மேல நிக்குது. பூவெல்லாம் வதங்கித் தொங்குது. புடவைக்குள்ள பூந்து கடிச்ச கடியில நான் கத்தினேன் பாரு, கொளஞ்சி கொழம்ப அடுப்புல வுட்டுட்டு ஓடியாந்தா. கொழம்பு தீஞ்சிப்போச்சி, அதுக்கும் நாந்தான் திட்டு வாங்கினேன். இலக்கியா சொல்லுது: "பெரிம்மா, நம்ம எண்ணெய் வேற, பூவோட எண்ணெய் வேற. அது தானே பூசிக்கிட்டு வரும். நீங்க சும்மா இருந்தாப் போதும்." சும்மா இருக்கறதுதாண்டா எனக்கு முடியல. சும்மா இருந்தா வூடு பெரிசாயிடுது.

அதுலேருந்து கொல்லைப்பக்கமே போவல. இன்னைக்குக் கொடிய அறுத்துப் போட்டுடறேன். கட்டிலு பீரோ எதுவும் வேணாம், ட்ரங்குப் பெட்டியும் மாமா போட்டோவும் போதும். எழிலரசிகிட்ட சொல்லு, அவ சமையல்ல நான் தலையிட மாட்டேன். முடிஞ்ச வரைக்கும்.

பெரியவனை நன்றாகப் படிக்கச் சொல். சின்னதை அடிக்காதே. எல்லோரும் ஆயுசோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா
இருசம்மாள்

பின்குறிப்பு: அருவாளோட போனேன். எலைய வெலக்கினா, கூரைக்கு அந்தாண்ட, என் ஏணியும் எட்டாத, கையும் எட்டாத எடத்துல, தேங்கா பெரிசுக்கு ஒரு காய் ஒக்காந்திருக்கு. "ஏங்க, இங்க வந்து பாருங்க"ன்னு கத்திக்கிட்டே வூட்டுக்குள்ள ஓடியாந்துட்டேன். நடையில வந்துதான் ஞாபகம் வந்துது. வண்டி வேணாம் தம்பி. பஸ்ஸுல நீ மட்டும் வா. வந்து பாத்துட்டு, "ஆமாக்கா, பெரிய காய்தான்"னு சொல்லிட்டுப் போ.