பத்து மாதத்துப் பெட்ரோல்

கார் வாங்கிய அன்றே மருந்துக்கடைக்காரர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். பெட்ரோலிலும் ஓடும், சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றினால் மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் கார் அது. "டேங்க்ல இருக்கிற பெட்ரோல்ல ஒரு சொட்டு எரிய விடமாட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. கடைக்கு நாலு கிலோமீட்டர், வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். பத்து மாதமாகப் பெட்ரோல் முள் அசையவே இல்லை. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

இந்தப் பெருமையில் அடிபட்டது அவர் மனைவியின் அக்காதான். அக்கா வீடு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. சார்ஜ் ஐம்பது கிலோமீட்டருக்குத்தான் தாங்கும், மிச்சத்துக்குப் பெட்ரோல் எரியும். முழங்கால் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதமாக அக்கா வீட்டோடு கிடக்கிறாள். பஸ்ஸில் தனியாகப் போகலாம். போனால் "அவர் வரலையா?" என்று அக்கா கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல மனைவிக்கு வாய் வராது. அவரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். அந்த வீட்டில் "பார்க்கலாம்" என்றால் "மாட்டேன்" என்று பொருள்.

ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்பதை நிறுத்திய மனைவியைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. சார்ஜ் நூறு சதவீதம் காட்டியது. கார் வாசலைத் தாண்டியதும் எஞ்சின் தானாக உறுமியது. அவர் பிரேக்கை மிதித்து, வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டியா? நான் ஒண்ணும் தொடல. அதுவா ஓடுது!"

"வயசானா தானாப் பேசறதில்லையா? அந்த மாதிரிதான்."

"வண்டிக்கு ஒரு வயசுகூட ஆகலடி!"

"நான் வண்டியச் சொல்லல."

மறுநாளும் உறுமியது. அவர் ஏசியை நிறுத்திப் பார்த்தார். சார்ஜ் வயரை மாற்றினார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். காய்ச்சல்காரனுக்கு எழுதுவது போல, எத்தனை மணிக்கு உறுமியது, எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதினார். கடைசியில் சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப்போனார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டல சார். கையேட்டப் படிச்சீங்களா?"

"முப்பது வருஷமா ஊருக்கே மருந்து குடுக்கிறவன்யா நான். என்னைப் போய்ப் படிக்கச் சொல்றியே!"

மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படிக்கவில்லை என்று தினமும் பத்துப் பேரைத் திட்டுகிறவர் அவர்.

அதன் பிறகு அந்தக் கையேடு வீட்டில் நடமாடத் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் கிடந்தது. டிவிக்கு முன்னால் கிடந்தது. ஒரு நாள் அவர் தலையணையில் படுத்திருந்தது.

"இது எதுக்கு இங்க?"

"தூசி தட்டினேங்க. மறந்துட்டேன்."

எஞ்சின் உறுமத் தொடங்கிய பதினெட்டாம் நாள் மாலை டீ வந்தது, விரித்த கையேட்டின் மேல். கோப்பையை எடுத்தார். ஈர வட்டத்துக்குள் எழுத்து தெரிந்தது. "நெடுநாள் பயன்படுத்தாத பெட்ரோல் கெட்டுவிடும். அதைத் தீர்க்க எஞ்சின் தானாக இயங்கும். நெடுந்தூரம் ஓட்டிப் பழைய பெட்ரோலைத் தீர்த்து, புதிதாக நிரப்பவும்."

காலாவதி! அவருக்குச் சுருக்கென்றது. இருமல் மருந்து ஒரு நாள் தாண்டினாலும் தூக்கி எறிகிறவர், டேங்க் நிறையக் கெட்ட சரக்கை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் கண்டுபிடித்தது தான்தான் என்ற நினைப்பு வந்ததும் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்! நெடுந்தூரம் ஓட்டணும். எங்க போகலாம்... உங்க அக்கா வீடு! போக முந்நூறு, வர முந்நூறு. டேங்க் காலி!"

"ஐயோ, அவ்வளவு தூரமா? பெட்ரோல் வீணாகுமே."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அது எரிஞ்சே ஆகணும்."

"ஒரே நாள்ல போய்ட்டு வந்தா உங்களுக்கு இடுப்பு வலிக்கும்."

"அப்ப நாலு நாள் தங்குவோம்."

"கடை?"

"கடைக்கு நான் ஆள் ஏற்பாடு பண்ணிக்கறேன். நீ பெட்டியக் கட்டு."

அவள் மனசே இல்லாதவள் போல எழுந்து போனாள். ஐந்தே நிமிடத்தில் பெட்டி வந்தது. இவ்வளவு சுறுசுறுப்பா என்று அவரே பாராட்டினார்.

மறுநாள் வழியெல்லாம் அவள் அக்காவோடு சண்டை போட்ட கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்தார். மூன்று மாதம் முன்பே அழைத்து வந்திருக்கலாம். பெட்ரோல் எரிந்தால்தான் என்ன?

அக்கா தடியை ஊன்றி வாசலுக்கே வந்துவிட்டாள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடியட்டும் என்று காத்திருந்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வண்டில ஒரு கோளாறுங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியல. கடைசில நான்தான்..."

"தெரியும் தம்பி" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி. "அது உறுமின அன்னிக்கே இவ போன் பண்ணிட்டா. 'பெட்ரோல் பழசாயிடுச்சுக்கா, நாங்க வந்துடுவோம். ஆனா அத அவரேதான் கண்டுபிடிக்கணும், மூணு வாரம் ஆகும்'னு சொன்னா. பரவாயில்லையே, ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டீங்க!"