ஜீன் சித்தரும் வெள்ளி முடியும்

2004-ஆம் வருஷம், மதுரையில் பாதிப் பேர் விளாங்குடி ஜீன் சித்தர் வாசலில்தான் நின்றார்கள். மேலூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். தல்லாகுளத்துக் கோர்ட் குமாஸ்தாக்கள் அரை நாள் லீவு போட்டு வந்தார்கள். ஒரே ஒரு தலைமுடி போதும். மைக்ராஸ்கோப்பில் வைத்து முன் ஜென்மத்தையே சொல்லிவிடுவார். "ஜென்மம்ங்கிற நம்ம வார்த்தையத்தான் வெள்ளைக்காரன் சுருக்கி ஜீன்னு வச்சிக்கிட்டான்" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பாலசுந்தரமும் போட்டுக்கொண்டார். எம்.எஸ்ஸி., எம்.எட்., ப்ளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவர். மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, வெளிச்சமே ஏறாது என்பது அவர் கண்ணில் படாமலா இருக்கும்? சித்தருக்கு உள்ளொளி போதும் என்று அவரே சமாதானம் கண்டுபிடித்தார். படித்த படிப்பெல்லாம் அதற்குத்தான் உதவியது.

மகள் காவ்யஸ்ரீக்கு நாலு வயசு. பிறந்ததிலிருந்தே வெள்ளி முடி. இப்போது அடிக்கடி காய்ச்சல். டாக்டர் ரோகிணி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"செல்லுக்குள்ள சுவிட்ச் மாதிரி ஒரு புரதம் சார். GTP-ங்கிற சின்னப் பொருள் வந்து ஒட்டுனா ஆன். முடிக்கு நிறம் கொண்டுபோற பையை நகத்துறதுக்கும் அது வேணும். கிருமி புகுந்த செல்லைக் கொல்ற விஷப் பை வெளிய வர்றதுக்கும் அதுதான் வேணும். அதைச் செய்ற ஜீன் இவளுக்குப் பழுது. அண்ணன் கார்த்திகேஷோட எலும்பு மஜ்ஜை பொருந்துது, அதை இவளுக்கு ஏத்தணும். உடனே சென்னைக்குக் கொண்டுபோங்க. அடுத்த காய்ச்சல்ல பிள்ளை தப்புறது கஷ்டம்."

"எப்படி வந்துச்சு டாக்டர்?"

"நீங்க ஒண்ணு, அம்மா ஒண்ணு, ஆளுக்கொரு பழுது ஜீன் குடுத்திருக்கீங்க. அக்கா மகளைக் கட்டியிருக்கீங்கள்ல? சொந்தத்துல இதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

அங்கேதான் வாத்தியாருக்கு வலித்தது. டாக்டர் பேச்சில் பாதிப் பழி அவருடையது. சித்தர் பேச்சிலோ எல்லாப் பழியும் முன் ஜென்மத்துக்கு. எது இனிக்கும்? தோஷம் என்று சித்தர் சொல்லிவிட்டால் சென்னைப் பயணத்தை நிறுத்திவிடுவதாகவே முடிவு செய்திருந்தார்.

முடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள், கூடவே வந்திருந்த மனைவி ரங்கநாயகி. சித்தர் லென்ஸில் கண்ணை வைத்தார்.

"முன் ஜென்மத்துல இவ ராணி. நாகத்தை அடிச்சுக் கொன்னிருக்கா. ஒரு மண்டலம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது."

"சாமி, அந்த முடியக் குடுங்க" என்றாள் ரங்கநாயகி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள், கூட்டத்துக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பேசினாள். தீக்குச்சியை உரசி முடியில் வைத்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண். பட்டா நைலானா என்று இழையைக் கொளுத்திப் பார்த்தே வளர்ந்தவள். பட்டும் முடியும் கருகி நாறும். இதுவோ உருகி, குட்டி மணியாக உருண்டது.

"இது எம்மக பொம்மையோட முடி. அது முன் ஜென்மத்துல ராணியில்ல சாமி, பிளாஸ்டிக் வாளி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தர் பூசையறைக்குள் போவதுபோல் போய்ப் பின்வாசல் வழியாக நழுவினார். முன்வரிசையில் இருந்த கருத்தக்கண்ணனுக்கு மட்டும் புல்லரித்தது. "பொம்மைக்கே ஜென்மம் சொல்லிட்டாரே, எம்புட்டு சக்தி!"

பாலசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைக் கொல்லப் பார்த்தோமே என்று இப்போதுதான் உறைத்தது.

"கெளம்புங்க மாமா, சென்னை பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் ரங்கநாயகி.

"வாரேன்" என்று எழுந்தவர், கருத்தக்கண்ணன் தோளைத் தொட்டார்.

"அண்ணே, தலையில மேல உள்ளதப் பிடுங்கிப் பிடுங்கி இவன்ட்ட குடுத்தது போதும். உள்ள ஒண்ணு சும்மா கெடக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் வேலை குடுப்போம். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."